கார்புரேட்டரைச் சீர் செய்தல்: ஜெட்டும் ஊசியும்

நமது சங்கங்களின் அங்கத்தினர் பலர் நூல் கட்டுகளையும் நெய்த சேலைகளையும், காய்கறி மூட்டைகளையும் பால் கேன்களையும் மோட்டார் சைக்கிளிலேயே கொண்டு செல்கின்றனர். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்த பின் வெளிவந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. ஆயினும் அதற்கு முற்பட்ட வண்டிகள் இன்றும் நம் ஊர்களில் உழைத்து வருகின்றன. செலவைக் குறைக்க எண்ணிக் கார்புரேட்டரின் திருகைக் கண்டபடி திருப்புவதும், லிட்டருக்கு இரண்டொரு கிலோமீட்டர் கூடியது கண்டு மகிழ்வதும், பின்னர் பிஸ்டனை மாற்றப் பணம் தேடுவதும் சங்கங்களுக்குச் செல்லுமிடங்களில் நம் காதில் விழும் செய்தியாகும். இது சிக்கனமன்று. எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்பதை அறிந்து சீர் செய்வதே சிக்கனம்.

கலவை என்பது யாது?

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் சைலன்சரில் கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் அளவு கடந்து சூடேறும். பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக் கொள்ளும். அதில் ஓட்டை விழவும் கூடும். பாவுக்கு இடும் கஞ்சி நீர்த்தால் இழை அறும், கெட்டியானால் விறைத்து முறியும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. இங்கும் அதே நியாயந்தான்.

நான்கு உறுப்புகள், நான்கு நிலைகள்

ஆக்ஸிலேட்டர் கம்பி நேரே சிலைடைத் தூக்கும் வகைக் கார்புரேட்டரையே இங்கு எடுத்துக் கொள்வோம். அதில் பெட்ரோலை அளந்து விடும் வேலை பகிர்ந்து கொடுக்கப்பட்டுள்ளது.

1. ஆக்ஸிலேட்டர் மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை: பைலட் ஜெட்டும் அதன் திருகும்.
2. எட்டில் ஒன்று முதல் கால் பங்கு வரை: சிலைடின் அடியிலுள்ள சாய்வு வெட்டு.
3. கால் முதல் முக்கால் வரை: சிலைடிலிருந்து தொங்கும் ஊசி.
4. முக்காலுக்கு மேல்: மெயின் ஜெட்.

இவை சுவர் வைத்துப் பிரித்த எல்லைகள் அல்ல. ஒன்றன் முடிவில் மற்றொன்று கலந்தே வேலை செய்யும். ஆயினும் குறை எந்த நிலையில் தோன்றுகிறது என்று கண்டால், கை வைக்க வேண்டிய உறுப்பு எது என்பது விளங்கும். கைப்பிடியில் ஒரு துண்டு நாடா ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடிட்டுக் கொள்வது நலம்.

முதலில் செய்ய வேண்டியவை

காற்று வடிகட்டி தூய்மையாக இருத்தல் வேண்டும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்றுக் கசிவு இருக்கலாகாது. மிதவையின் உயரம் வண்டியின் கையேட்டில் கண்டபடி அமைய வேண்டும். அடைத்த ஜெட்டைக் காற்று ஊதியே சுத்தம் செய்க. கம்பியால் குத்தினால் துளை அகன்று அளவு கெடும். இவ்வேலையைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் நூல் கிடங்குக்கும் தொலைவில் செய்க.

சீர் செய்யும் முறை

எஞ்சினை நன்கு சூடேறவிட்டு, ஓய்வு ஓட்டத்தைச் சற்று உயர்த்துக. பைலட் திருகைக் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் சீராகவும் விரைவாகவும் ஓடும் இடத்தில் நிறுத்துக. பின் ஓய்வு ஓட்டத்தைக் குறைத்துக் கொள்க. திருகு காற்று வடிகட்டியின் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பப் பெட்ரோல் மிகும். எஞ்சின் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பப் பெட்ரோல் குறையும். இவ்வேறுபாட்டை அறியாமையே பல கேடுகளுக்குக் காரணம்.

ஊசியின் தலையில் கிளிப் மாட்டும் பள்ளங்கள் பெரும்பாலும் ஐந்து இருக்கும். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் மிகும். மேல் பள்ளத்துக்கு மாற்றினால் ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். மெயின் ஜெட்டில் பொறித்த எண் பெரிதானால் துளையும் பெரிது. எதுவாயினும் ஒரு படி மட்டும் மாற்றுக; ஒரே வேளையில் இரண்டை மாற்றாதீர்.

மாற்றிய பின், ஆளில்லாத நேர்ச் சாலையில் சோதிக்க வேண்டிய நிலையிலேயே ஆக்ஸிலேட்டரை வைத்துச் சிறிது தூரம் ஓட்டுக. உடனே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, வண்டி நின்றதும், சூடு ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. இளம் பழுப்பானால் கலவை சரி. கரிய புகைப்படிவு பெட்ரோல் மிகுதியையும், வெளுத்த நிறம் குறைவையும் காட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

2023 முதல் 20 விழுக்காடு எதனால் கலந்த பெட்ரோல் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளது. எதனாலில் ஆக்ஸிஜன் அடங்கியிருப்பதால், பழைய ஜெட் மாறாதிருந்தும் கலவையில் எரிபொருள் குறைந்தது போன்ற நிலை உண்டாகும். அதன் மேலும் நாம் குறைப்பது ஆபத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த உதகைக்கு ஏறினாலோ காற்று மெலிந்து பெட்ரோல் மிகுந்ததாகும். மலையில் வாழ்வோர் சிறிய ஜெட் போடலாம். அதனுடனேயே சமவெளியில் நெடுந்தூரம் ஓட்டலாகாது.

செய்த மாற்றத்தைத் தேதி, ஜெட் எண், ஊசியின் பள்ளம், திருகின் சுற்று என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க. ஒவ்வொரு லிட்டருக்கும் ஓடிய தூரத்தையும் அருகில் குறிக்க. கலவை சரியாக இருந்து கிடைக்கும் தூரமே வண்டியின் உண்மையான வரவு. அதற்கு மேல் பிடுங்குவது முதலைத் தின்பதாகும்.