வீட்டு ரவுட்டரில் போர்ட் திறக்கும்போது

1. இது உங்களுக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள். இப்போது வரும் கேமராக்களில் பெரும்பாலானவற்றை கியூ.ஆர். கோட் ஸ்கேன் செய்து ஆப்பில் சேர்த்தாலே வெளியூரிலிருந்து பார்க்கலாம். பழைய டி.வி.ஆர்., பிள்ளைகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நடத்தும் மைன்கிராஃப்ட் சர்வர் போன்றவற்றுக்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டியிருக்கும்.

2. எதையும் மாற்றுவதற்கு முன், உங்கள் இணைப்புக்குத் தனி ஐ.பி. முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பலர் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதைப் பார்க்காததால்தான். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் தெரியும் இன்டர்நெட் ஐ.பி.யையும், 'வாட் இஸ் மை ஐ.பி.' என்று கூகுளில் தேடினால் வரும் ஐ.பி.வி.4 எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் கவலையில்லை. ரவுட்டரில் உள்ள எண் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். அப்போது நீங்கள் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பலன் இருக்காது. இணைப்பு தரும் நிறுவனத்திடம் ஸ்டாடிக் ஐ.பி. கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு.

3. ரவுட்டரில் தெரியும் அந்த எண் 192.168 என்று தொடங்கினால், ஃபைபர் பெட்டி, உங்கள் ரவுட்டர் என இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. ஃபைபர் பெட்டியை 'பிரிட்ஜ் மோட்'டுக்கு மாற்றும்படி இணைப்பு தரும் நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

4. டி.வி.ஆருக்கோ கம்ப்யூட்டருக்கோ வீட்டுக்குள் மாறாத முகவரி வேண்டும். டி.எச்.சி.பி. பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, எல்லாம் நின்றுவிடலாம்.

5. ரவுட்டருக்குள் நுழையும் முகவரி அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்; பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற பெயர் கண்ணில் படாவிட்டால் 'விர்ச்சுவல் சர்வர்' என்று தேடுங்கள். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு வெளிப் போர்ட், உள் போர்ட் இரண்டும் 25565, புரோட்டகால் டி.சி.பி.

6. சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்தே வெளி முகவரியை அழைத்தால் பல ரவுட்டர்கள் விடுவதில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றிருந்தால் போர்ட் மூடியதாகவே காட்டும்.

7. திறந்த போர்ட்டை உலகில் எவரும் தட்டிப் பார்க்கலாம். 2016இல் பரவிய மிராய் வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. ஆகவே பாஸ்வேர்டை மாற்றி, சாஃப்ட்வேர் அப்டேட் செய்த பிறகே போர்ட்டைத் திறங்கள். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389ஐத் திறக்கவே வேண்டாம். சுலபம் என்று யாராவது சொன்னாலும் 'டி.எம்.இசட்.' பக்கம் போகாதீர்கள். அது அந்தக் கருவியின் எல்லாப் போர்ட்டுகளையும் ஒரேயடியாகத் திறந்துவிடும்.

8. வீட்டு ஆட்கள் மட்டும் பார்த்தால் போதுமென்றால் வி.பி.என். தான் நல்லது. டெயில்ஸ்கேல் போன்றவை போர்ட் திறக்காமலே, பகிர்ந்த முகவரியிலும் வேலை செய்யும்.

9. கேம் சர்வரை நிறுத்தியதும் அதற்கான பதிவையும் ரவுட்டரிலிருந்து நீக்கிவிடுங்கள். மற்ற பதிவுகளின் எண்களை நோட்டில் எழுதி வையுங்கள். ரவுட்டரை ரீசெட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும்.