என்ஜின் வேலை முடிந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? அக்கா சொல்கிறேன், கேள்!

"அக்கா, ஹெட்டை இறக்கி, கேஸ்கெட் மாத்தி, அத்தனை வேலையும் பார்த்தாச்சு. இன்னும் சிக்னல்ல நின்னா வண்டி உதறுதுக்கா" என்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும்டி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகரில் ஜனங்களை மீட்க ராணுவமே இறங்கியது. ரெயின்போ நகரில் என் கார் சீட் மட்டம் வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் உன் மாமா சும்மா இருந்தாரா? "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே" என்று சாவியைத் திருகினார். சிலிண்டருக்குள் இருந்த தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது. பிஸ்டன் மோதியது, கனெக்டிங் ராடு வளைந்தது.

ராடு, பிஸ்டன், ஹெட் வேலை எல்லாம் முடிந்து ஆறு வாரம் கழித்து வண்டி வந்தது. மிஸ்ஸிங்கும் கூடவே வந்தது. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று மக்கர் பண்ணினால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. ஓடுகிற கிரைண்டர் மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். அப்போது நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

1. எப்போது உதறுகிறது என்று எழுதி வை

"மிஸ்ஸிங் அடிக்குது" என்று மொட்டையாகச் சொன்னால் மெக்கானிக் கைக்கு வந்ததைத்தான் மாற்றுவார். ஒரு வாரம் கவனி.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறி, வெள்ளைப் புகை வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் புதுக் கேஸ்கெட்டையே சந்தேகப்படு. ராத்திரியில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்திருக்கலாம்.

சூடான பிறகுதான் உதறுகிறதா? டாப்பெட் இடைவெளியைப் பார்க்கச் சொல். வால்வு தேய்த்துப் பொருத்தும்போது அது கொஞ்சம் உள்ளே இறங்கி உட்காரும், இடைவெளி குறையும். சூட்டில் வால்வு முழுசாக மூடாது.

இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது உதறி, மிதித்தால் சரியாகிவிட்டால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. சிக்னலில் சரியாக இருந்து, மேடேறும்போது திணறினால் ப்ளக், காயில், பெட்ரோல் என்று தேட வேண்டும். நம்ம தட்டை ஊரில் மேட்டுக்கு எங்கே போவது என்கிறாயா? அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலத்தில் ஒரு தடவை ஏற்றிப் பார், தெரிந்துவிடும்.

2. "எந்த சிலிண்டர்?" என்று கேள்

இந்த ஒரு கேள்விக்குப் பதில் வராமல் ஒரு பொருளுக்கும் காசு கொடுக்காதே. ஸ்கேனர் போட்டால் பி0301, பி0302, பி0303 என்று ஃபால்ட் கோடு வரும். கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 வந்தால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாது. பெட்ரோல், காற்றுக் கசிவு, டைமிங் என்று பொதுவான காரணத்தைத் தேடணும். கோடை அழிக்கிறதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள். அழித்த பிறகு சாட்சியம் போச்சு.

3. புதுசு வாங்காதே, இடம் மாற்று

எனக்கு வந்தது பி0302. முதல் வாரமே இரண்டு புதுக் காயில் வாங்கிப் போட்டுத் தண்டம் அழுதேன். அதற்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு ப்ளக் மேலும் தனிக் காயில் இருக்கிற வண்டியில், இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போடணும். கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து ப்ளக், அதற்கடுத்து இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது என்றே தெரியாது.

ப்ளக்கைக் கழற்றும்போது வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பார். பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், பொறி முனைக்குப் போகாமல் அந்த வழியாகத் தப்பித்துவிடுகிறது.

4. திரும்ப என்ஜினை இறக்குமுன் கம்ப்ரஷன் பார்

மூன்றையும் இடம் மாற்றிப் பார்த்தும் என் கோடு நகரவில்லை. "ராடு போட்ட சிலிண்டர்தானே, திரும்ப இறக்கித்தான் பார்க்கணும்" என்றார்கள். எனக்கு மயக்கமே வந்தது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 170, 165, 170. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உள்ளே வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால் அந்த ப்ளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அந்த அரை மணி நேர வேலை என்னை இன்னொரு பெரிய பில்லிலிருந்து காப்பாற்றியது.

5. வேலை செய்த கை தொட்ட இடத்தில் தேடு

ஹெட்டை இறக்க நூறு பொருளைக் கழற்றி மாட்டுகிறார்கள். அதில் ஒன்று விட்டுப்போவது சகஜம். சின்ன வேக்கம் குழாய் மாட்டியிருக்கிறதா? இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் புதுசா, பழசா? என்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரை இறுக்கினார்களா? டைமிங் செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா? பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடி.

6. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கப்ளரைப் பார்

எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எலக்ட்ரீஷியன் தம்பி இன்ஜெக்டர் ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அசைத்தார். இரண்டாவதைத் தொட்டதும் என்ஜின் குரல் மாறியது. விட்டதும் மறுபடி உதறல். ஒயரை இன்ஜெக்டரில் மாட்டுகிற கப்ளரைக் கழற்றினால், பழைய செப்புக் குடத்தில் பூத்த மாதிரி பின் முழுக்கப் பச்சை. ஃபெஞ்சல் தண்ணீர் உள்ளே தங்கி வேலையைக் காட்டியிருக்கிறது. நம்ம ஊர் உப்புக் காற்றும் அதற்குத் துணை. கப்ளரை மாற்றியதும் உதறல் நின்றது.

டேங்கையும் மறக்காதே. இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் தங்கிவிடும். புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. டேங்கைக் காலி செய்துதான் ஆகணும்.

7. என்ஜின் லைட் மினுக்கினால் ஓரம் கட்டு

சும்மா எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். விட்டு விட்டு மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேடலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிகிறது என்று அர்த்தம். அது பாழானால் அடுத்த பெரிய செலவு.

8. பழைய சாமானைக் கேட்டு வாங்கு

பில்லில் "என்ஜின் வேலை" என்று ஒற்றை வரி போதாது. கழற்றிய பழைய சாமானோடு, எந்தச் சிலிண்டரில் என்ன மாற்றினார்கள், கம்ப்ரஷன் எவ்வளவு என்றும் எழுதி வாங்கு. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது என்ஜின் புரொடெக்‌ஷன் சேர்த்திருக்கிறதா என்று கேள். அது இல்லாத சாதாரண பாலிசியில், தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்ததற்குப் பொதுவாகக் காசு கிடைக்காது.

இப்போதெல்லாம் பெருமழை எச்சரிக்கை வந்தால் வண்டியை முதல் நாளே கோரிமேட்டில் சித்தி வீட்டு வாசலில் விட்டுவிடுகிறேன். சாவி மட்டும் என் கைப்பையில். உன் மாமா கேட்டாலும் தருவதில்லை.