முளைக்காத விதை செத்த விதையா?

அறுவடை செய்த கையோடு முளைப்புப் பார்த்து, முளைக்கவில்லை என்று விதை நெல்லை அரவைக்கு அனுப்பிவிடுவோர் உண்டு. அவசரப்பட வேண்டாம். சில நெல் இரகங்களுக்குப் புதிதில் விதை உறக்கம் உண்டு. கொடி நிலக்கடலைக்கும் அப்படியே.

உயிர் இருக்கிறதா என்பதை ட்ரைபினைல் டெட்ரசோலியம் குளோரைடு என்னும் இரசாயனம் காட்டிக்கொடுக்கும். பெயர்தான் நீளம். ஊறிய விதையை முளைக்கரு தெரிய நெடுக்காகப் பிளந்து, இதன் கரைசலில் இருட்டில் சில மணி நேரம் வைப்பார்கள். உயிருள்ள கரு சுவாசிப்பதால் கரைசல் அதில் சிவப்பு நிறமாகப் படியும். செத்த கரு வெளுத்தே கிடக்கும். நெல்லுக்கு முளைப்புச் சோதனை முடிய 14 நாள். இதற்கு இரண்டு நாள் மிஞ்சாது.

வீட்டில் செய்யும் வேலையல்ல இது. விதைப் பரிசோதனை நிலையத்தில் கேளுங்கள். கரு முழுதும் சிவந்தால் விதையைக் காயவைத்துச் சேமியுங்கள். உறக்கம் தெளிந்தபின் மறுபடி முளைப்புப் பாருங்கள். நூற்றுக்கு 80 முளைத்தால் விதைக்கலாம்.