பலர் நடத்தும் ஒரே விழா: சமூகத் தொழில்நுட்ப விழாவை ஒருங்கிணைக்கும் முறை

அரசாங்கச் சேவைகள், வங்கிக் கணக்குகள், மருத்துவரைச் சந்திப்பதற்கான பதிவுகள், பாடசாலை அறிவித்தல்கள் என அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இன்று கைத்தொலைபேசியின் திரைக்குள் சென்றுவிட்டது. அத்திரையை இயக்கத் தெரியாத முதியவர் ஒருவர், தமது ஓய்வூதிய விபரத்தை அறிவதற்கும் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்கிறார். இந்நிலையை மாற்றுவதற்கு ஊர்மக்களே கைக்கொள்ளக்கூடிய வழிகளுள் ஒன்று சமூகத் தொழில்நுட்ப விழா. நூலகம், வார இறுதித் தமிழ்ப் பாடசாலை, முதியோர் சங்கம், இளைஞர் குழு, அயலவர் நிலையம் ஆகியவை தத்தம் இடத்தில், தத்தம் பொறுப்பில் நிகழ்ச்சிகளை நடத்த, அவை யாவும் ஒரே பெயரின் கீழ் ஒரு வாரத்தினுள் அமைவதே இவ்விழாவின் இயல்பு. இதில் எவற்றைப் பொதுவாக வைத்துக்கொள்வது, எவற்றை நடத்துவோரிடமே விட்டுவிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்மாதிரிகள்

இம்முறை புதியதன்று. 1947ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் சர்வதேசக் கலைவிழா தொடங்கியபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து தமது நாடகங்களை மேடையேற்றின. அதிலிருந்து வளர்ந்ததே எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழா. 1958இல் அவ்விழாவிற்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. எந்த நாடகம் இடம்பெறலாம் என்று அச்சங்கம் தெரிவு செய்வதில்லை. பொது நிகழ்ச்சி நூலை வெளியிடுவதும், நுழைவுச்சீட்டு ஏற்பாட்டைக் கவனிப்பதும், பங்குபற்றுவோருக்கு ஆலோசனை வழங்குவதும் அதன் முக்கிய பணிகள்.

அவுஸ்திரேலியாவில் 1997 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்தில் நடைபெறும் தேசிய அறிவியல் வாரமும் இவ்வாறே இயங்குகிறது. பாடசாலைகள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள், சமூகக் குழுக்கள் ஆகியன நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. அவற்றைப் பொது அட்டவணையில் பதிவு செய்வோரும் அவர்களே. ஒக்டோபரில் நடைபெறும் ‘கெட் ஒன்லைன் வீக்’ எனும் இணையப் பயிற்சி வாரமும் உள்ளூர் அமைப்புகள் தமது இடங்களில் நடத்தும் சிறிய நிகழ்ச்சிகளால் ஆனது.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மையத்தில் இருப்போர் சில விடயங்களை மட்டுமே கையில் வைத்துள்ளனர். ஆனால் அவற்றை உறுதியாக வைத்துள்ளனர்.

எவை பொது, எவை நடத்துவோருடையவை

ஒருங்கிணைப்புக் குழுவின் கையில் இருக்க வேண்டியவை நான்கு: விழாவின் பெயரும் நாட்களும், நிகழ்ச்சி அட்டவணை, அனைவருக்கும் பொதுவான பாதுகாப்பு விதிகள், பார்வையாளர் அழைத்துக் கேட்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம். கற்பிக்கும் பொருள், கற்பிக்கும் முறை, உதவியாளர் தெரிவு, அனுமதிக்கப்படுவோர் தொகை, சிற்றுண்டி ஆகியன நடத்துவோருடையவை.

இந்த எல்லை இரு விதமாகக் குலையலாம். குழு எல்லாவற்றையும் தானே தீர்மானிக்க முற்பட்டால், ஊதியமின்றி உழைக்க வந்தவர்கள் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள். மாறாக, குழு எதையுமே தன் பொறுப்பில் வைத்திராவிட்டால், அட்டவணையில் உள்ள முகவரி ஒன்றாகவும் நிகழ்ச்சி நடைபெறும் இடம் வேறாகவும் இருக்கும். பூட்டிய கதவைக் கண்டு திரும்பும் முதியவர், அது எந்தச் சங்கத்தின் தவறு என்று ஆராய்வதில்லை. அவர் விழாவையே நம்பாது விடுகிறார். ஒருவர் செய்த பிழையின் விலையை மற்ற அனைவரும் செலுத்த நேர்கிறது.

ஆதலால், விழாவில் சேர்வதற்கான நிபந்தனைகளை அழைப்பு விடுக்கும்போதே எழுத்தில் வழங்குவது நன்று. நிகழ்ச்சி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்; கட்டணம் இருப்பின் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும்; கைத்தொலைபேசித் திட்டமோ காப்புறுதியோ விற்பதற்கான களமாக அது அமையக்கூடாது. இந்நிபந்தனைகள் முன்னரே எழுதப்பட்டிருந்தால், பின்னர் ஒருவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல நேரும்போது அது விதியின் முடிவாக இருக்கும். தனிப்பட்ட மனத்தாங்கலுக்கு இடமிராது.

அட்டவணை

விழா நாட்களை ஆறு மாதங்களுக்கு முன்னர் தீர்மானித்து, நான்கு மாதங்களுக்கு முன்னர் அழைப்பு விடுத்து, இரண்டு மாதங்களுக்கு முன்னர் பதிவை முடித்துக்கொண்டால், அட்டவணையைச் சரிபார்க்கவும் அச்சிடவும் போதிய காலம் கிடைக்கும். ஒக்டோபரில் விழா நடத்த விரும்புவோர் நவராத்திரி, தீபாவளி ஆகியவற்றின் நாட்களையும் பாடசாலை விடுமுறையையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் உள்ளிட்ட மாநிலங்களில் ஒக்டோபரின் முதலாவது ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணிநேரம் முன்னோக்கி நகர்த்தப்படுகிறது. அன்றைய காலை நிகழ்ச்சிக்குப் பலர் தாமதமாக வரக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே அமைப்பிலான விபரப் படிவம் இருத்தல் அவசியம். முழு முகவரி, எந்த வாயிலால் நுழைவது, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், பயன்படுத்தப்படும் மொழி, எவ்வளவு முன்னறிவு தேவை, எதைக் கொண்டுவர வேண்டும், சக்கர நாற்காலியில் வருவோருக்கு வழி உண்டா, அருகிலுள்ள பேருந்து அல்லது ரயில் நிலையம் எது என்பன அதில் இடம்பெற வேண்டும். ‘கணினி வகுப்பு’ என்ற தலைப்பு எவருக்கும் உதவாது. ‘கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்குதல், படம் அனுப்புதல்; தமிழில்; முன்னறிவு தேவையில்லை’ என்று எழுதினால், தமக்குரியது எது என்பதை வாசிப்பவர் உடனே அறிந்துகொள்வார்.

நேர மோதல்களைக் கண்டறிவது குழுவின் தலையாய பணி. எடுத்துக்காட்டாக, சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலகத்தில் முதியோருக்கான தமிழ்ப் பயிற்சியும், அதே நேரத்தில் அயலவர் நிலையத்தில் சிறுவர்களுக்கான ரோபோ செய்முறை வகுப்பும் பதிவாகியுள்ளன என்று கொள்வோம். இரண்டும் வேறு வேறு வயதினருக்கானவை என்பதால் மோதல் இல்லையென்று தோன்றும். ஆயினும் பாட்டியையும் பேரனையும் ஒரே வாகனத்தில் ஒரே மகளே அழைத்துவர வேண்டியிருக்கும். சிறுவர் வகுப்பை நூலகத்தின் அடுத்த அறைக்கு மாற்றலாம். அல்லது பிற்பகல் 1 மணிக்குத் தள்ளலாம். தனித்தனியே திட்டமிடும் இரு சங்கங்களுக்கும் இது தெரிய வாய்ப்பில்லை. முழு அட்டவணையையும் ஒருசேரப் பார்ப்பவருக்கே தெரியும். எனினும் குழு நேரத்தைத் தானாக மாற்றிவிடாது, மோதலைச் சுட்டிக்காட்டி, முடிவை நடத்துவோரிடம் விடுவதே முறை.

பொறுப்பும் காப்புறுதியும்

நிகழ்ச்சியில் ஒருவர் வழுக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு விழாவிற்கு முன்னரே விடை இருக்க வேண்டும். தமது நிகழ்ச்சிக்குத் தாமே பொறுப்பு என்பது இத்தகைய விழாவின் அடிப்படை. நகரசபை மண்டபங்களை வாடகைக்குப் பெறும் அமைப்புகளிடம் பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழ் கேட்கப்படுவது வழக்கம். 20 மில்லியன் டொலர் வரையிலான காப்புறுதியைப் பல நகரசபைகள் எதிர்பார்க்கின்றன. பதிவு பெறாத சிறு குழுக்களால் இதனைத் தனியே பெறுவது கடினம். அத்தகைய குழு, பதிவு பெற்ற சங்கம் ஒன்றின் அனுசரணையில் நிகழ்ச்சியை நடத்தலாம். அப்போது அச்சங்கத்தின் காப்புறுதி இந்நிகழ்ச்சிக்கும் பொருந்துமா என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாய்மொழி உறுதி விபத்து நாளில் பயன்படாது.

விட்டுக்கொடுக்கக் கூடாத விதிகள்

பாதுகாப்பு விதிகள் சிலவாக இருப்பது நன்று. ஆனால் அவற்றுக்கு விலக்கு இருக்கக்கூடாது.

முதலாவது, கடவுச்சொல். உதவி நாடி வரும் முதியவர் பலர், தமது ‘மைகவ்’ கணக்கின் கடவுச்சொல்லையும் வங்கி அட்டையையும் உதவியாளரின் கையிலேயே கொடுத்துவிடுவர். அது நம்பிக்கையின் அடையாளம். அதே நம்பிக்கையே பிறிதொரு நாள் மோசடிக்காரரின் தொலைபேசி அழைப்பிலும் அவரை ஏமாற வைக்கலாம். ஆகவே உதவியாளர் எவரும் பிறரது கடவுச்சொல்லைக் கேட்கவோ, தட்டச்சு செய்யவோ, எழுதிவைக்கவோ கூடாது. விரல் நடுங்கினும் நேரம் எடுப்பினும் கணக்கின் உரிமையாளரே தட்டச்சு செய்ய வேண்டும். அன்று அவர் கற்றுக்கொள்ளும் பாடங்களுள் மிகப் பயனுள்ளது இதுவாக இருக்கலாம்.

இரண்டாவது, மின்கலங்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ முறையைப் பின்பற்றி, பழுதுபட்ட பொருட்களைத் தொண்டர்கள் திருத்திக்கொடுக்கும் நிகழ்ச்சிகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. அத்தகைய இடங்களுக்குப் பழைய கைத்தொலைபேசிகளும் மடிக்கணினிகளும் வந்து சேரும். வீங்கிய லித்தியம் மின்கலத்தைத் திறக்கவோ மின்னேற்றவோ கூடாது. அதனை வீட்டுக் குப்பைத் தொட்டியில் இடுவதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். விக்டோரியாவில் 2019 ஜூலை 1 முதல் மின்னணுக் கழிவுகளைக் குப்பை நிரப்பு நிலங்களில் சேர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே அவற்றை ஒப்படைக்கும் இடம் எதுவென்று நிகழ்ச்சியிலேயே அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, சிறுவர்கள். சிறுவர்களுடன் பணியாற்றுவோருக்கான அனுமதிச் சோதனை பற்றி ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சட்டம் வைத்துள்ளது. விக்டோரியாவில் தொண்டர்களிடம் அதற்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. விண்ணப்பம் முடிவடையக் காலம் எடுக்கலாம் என்பதால், உதவியாளர் தெரிவானதும் அதனைத் தொடங்குதல் வேண்டும். பெற்றோரின் ஒப்புதலின்றிச் சிறுவர்களின் படங்களை எடுப்பதோ பகிர்வதோ கூடாது.

மொழி

தமிழில் கற்பிக்கும் நிகழ்ச்சி என்றால், திரையில் ஆங்கிலத்தில் தோன்றும் சொற்களையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியிருக்கும். ‘பாஸ்வேர்ட்’, ‘லொகின்’, ‘அப்டேட்’ எனத் திரையில் காணும் சொல்லையும் அதன் பொருளையும் அருகருகே பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளை எல்லா நடத்துவோருக்கும் குழு வழங்கலாம். ஒவ்வொரு சங்கமும் வெவ்வேறு தமிழ்ச்சொற்களைப் பயன்படுத்தினால், இரு நிகழ்ச்சிகளுக்குச் செல்பவர் குழப்பமடைவார். நகரசபையிடமோ பிற அரசு அலுவலகங்களிடமோ தமிழில் பேச விரும்புவோர், 131 450 எனும் இலக்கத்தில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை எந்நேரமும் அழைக்கலாம் என்ற குறிப்பும் அத்தாளில் இருப்பது பயன் தரும்.

விழா நாளும் மறுநாளும்

விழா நாட்களில் நிகழ்ச்சியொன்று இரத்தாகுமாயின், நடத்துவோர் முதலில் அறிவிக்க வேண்டியது பொதுத் தொலைபேசிக்குப் பொறுப்பானவருக்கு. பின்னர் மண்டப வாயிலில் அறிவித்தல் ஒட்டி, முதல் அரை மணிநேரமாவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இடும் செய்தி மட்டும் போதாது. வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தத் தெரியாதவர்களுக்காகவே பல நிகழ்ச்சிகள் நடத்தப்படுகின்றன என்பதை மறந்துவிடக்கூடாது.

விழா முடிந்த இரு வாரங்களுக்குள் நடத்துவோர் அனைவரும் ஒன்றுகூடுவது நல்லது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் முதன்முறையாக வந்தார்கள், எவரேனும் இடம் தெரியாது திரும்பினார்களா, எந்தக் கேள்விக்கு விடையளிக்க முடியவில்லை என்பனவும் அங்கே கேட்கப்பட வேண்டியவை. ஒரு காலை வேளையில் கற்ற பாடம் பயிற்சியின்றி ஒரு மாதத்தில் மறந்துபோகும். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடியும்போது, அடுத்த வாரம் எங்கே, எந்நாளில் தொடர்ந்து கற்கலாம் என்று எழுதிய சிறு அட்டையைப் பங்குபற்றியவரின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். நூலகத்தின் வாராந்த உதவி வேளையோ, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான ‘பீ கனெக்டட்’ எனும் அரசாங்கத்தின் இலவசப் பயிற்சித் திட்டமோ அதில் இடம்பெறலாம். அந்த அட்டையை அச்சிடுவது குழுவின் பணி. அதை ஒவ்வொருவர் கையிலும் சேர்ப்பது நடத்துவோரின் பணி.