அரசு டெண்டர்: விலை எழுதும் முன் ஒரு கணக்கு



மாணவர் விடுதிக்கோ அரசு மருத்துவமனைக்கோ மளிகைச் சரக்கு கேட்டு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்தால், நம்மில் பலர் அதைப் படிக்காமலே விட்டுவிடுகிறோம். "அதெல்லாம் பெரிய கைகளுக்கு உரியது" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். வேறு சிலரோ ஆர்டரைப் பிடித்தால் போதும் என்று விலையை அடிமட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு கையைப் பிசைகிறார்கள். இரண்டுமே நமக்கு நஷ்டம்தான்.

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலுக்கு 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும், அதன் கீழ் 2000 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளும் உள்ளன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குச் சாதாரணமாகக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்பது அடிப்படை. ஆகவே சிறு வணிகருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த 15 நாளை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் படிவத்தை முழுவதும் படியுங்கள். விலையை எழுதும் பக்கத்தைக் கடைசியில் பாருங்கள். எந்த ரகம், எத்தனை கிலோ மூட்டை, மாதம் எத்தனை தடவை, எந்த எந்த இடத்தில் இறக்க வேண்டும், இறக்குக்கூலி யாருடையது, விலை வரி உட்படவா, விலை எத்தனை மாதம் மாறாமல் இருக்க வேண்டும் ஆகியவற்றைத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புரியாததைக் கடைசித் தேதிக்கு முன்பே அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி விலை போடக் கூடாது.

இரண்டாவது, தாள்கள். ஜி.எஸ்.டி. பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், வருமான வரிக் கணக்கு, முன் அனுபவச் சான்று என்று கேட்டிருப்பார்கள். ஒன்று குறைந்தாலும் நமது விலையைப் பார்க்காமலே தள்ளிவிடலாம். இரண்டு உறை முறையில் தொழில்நுட்ப உறைக்குள் விலைப்பட்டியலை வைத்துவிட்டால் முடிந்தது கதை. இணையவழி டெண்டருக்கு மின்னணுக் கையொப்பம் தேவை. அறிவிப்பு வந்த பிறகு அதற்கு அலைவதைவிட இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். மொத்த, சில்லறை வணிகர்களும் 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு பெறலாம். ஆனால் அந்தப் பதிவு வங்கிகளில் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே வழி செய்தது. மத்திய அரசின் 2012 ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையில் உள்ள முன்வைப்புத்தொகை விலக்கு முதலிய சலுகைகள், உற்பத்தி செய்வோருக்கும் சேவை அளிப்போருக்கும் உரியவை. வாங்கி விற்பவருக்கு அவை இல்லை. சான்றிதழை இணைத்துவிட்டுப் பணம் கட்டாமல் இருந்தால் டெண்டர் தள்ளுபடியாகும். சொந்தமாக மசாலா அரைத்துப் பொட்டலம் போடும் உறுப்பினர்கள், தாங்கள் தயாரிக்கும் பொருளுக்கு அந்தச் சலுகையைக் கேட்கலாம்.

மூன்றாவது, கணக்கு. ஓர் உதாரணம் பார்ப்போம். துவரம் பருப்பு மாதம் 500 கிலோ, ஓராண்டுக்கு ஒரே விலை என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் விலை கிலோ 110 ரூபாய். 115 என்று எழுதினால் 5 ரூபாய் லாபம் என்று தோன்றும். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலிக்கு 2 ரூபாய். எடைக் கழிவு, சாக்குக்கு 1 ரூபாய். பில் பணம் வர 2 மாதம் ஆனால், மாதம் ஒன்றரை வட்டிக்கு 3 ரூபாய் 30 காசு. அடக்கம் 116 ரூபாய் 30 காசு ஆகிவிட்டது. ஆண்டுக்கு 6,000 கிலோவில் 7,800 ரூபாய் கைநஷ்டம். இடையில் 6 மாதம் பருப்பு கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் மேலும் 30,000 ரூபாய் போகும். சரக்கைப் போடாமல் நிறுத்தினாலோ காப்புத்தொகை பறிபோகும், கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறலாம்.

ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், வரிக்குரிய சரக்கின் பில்லில் 2 சதவீத ஜி.எஸ்.டி. பிடித்தம் உண்டு. அது நமது மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாகும் என்றாலும், அதுவரை கைமுதல் அந்த அளவுக்குக் குறையும்.

ஆகவே சென்ற இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு சரக்கும் எந்த மாதம் என்ன விலைக்கு விற்றது என்பதை நமது கொள்முதல் நோட்டிலிருந்து எடுத்து, சராசரி பார்த்து விலை எழுதுங்கள். காப்புத்தொகையும் இரண்டு மாதச் சரக்குப் பணமும் முடங்கினாலும் கடை ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடாது என்றால் முதலில் சிறிய அளவு டெண்டரில் இறங்குங்கள்.

கணக்கோடு எழுதிய விலைக்கு ஆர்டர் கிடைக்காமல் போனால் படிவச் செலவோடு போயிற்று. கணக்கில்லாமல் எழுதிய விலைக்கு ஆர்டர் கிடைத்துவிட்டால் ஓராண்டு முழுவதும் கைமுதலைக் கரைக்க வேண்டும். விலை எழுதும் முன் இதை நினைவில் கொள்வோம்.