முரட்டுக் குதிரையும் நம் பொறுப்பும்



உங்களிடம் ஒரு குதிரை இருக்கிறது. உதைக்கிறது, கடிக்கிறது, ஏறியவரைக் கீழே தள்ளுகிறது. என்ன செய்வீர்கள்? அடிப்பீர்களா? மறைத்து விற்பீர்களா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை முரண்டு பிடித்த ஒட்டகத்தில் ஏறி, அதை அங்குமிங்கும் திருப்பினார்கள். மென்மையைக் கடைப்பிடிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (முஸ்லிம்).

ஆகவே முதலில் காரணத்தைத் தேடுங்கள். சேணம் உரசி முதுகு புண்ணாகியிருக்கலாம். பல்லிலோ குளம்பிலோ வலி இருக்கலாம். வாயில்லா ஜீவன் வேறு எப்படிச் சொல்லும்? கால்நடை மருத்துவரிடமும், குதிரை பழக்கத் தெரிந்தவரிடமும் காட்டுங்கள்.

அதன் பிறகும் அடங்கவில்லையா? மென்மை என்பது அலட்சியம் அல்ல. உதைக்கும் என்று தெரிந்தே பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கட்டிவிட்டு, ஒரு குழந்தைக்கு அடிபட்டபின் "மிருகம்தானே" என்று தப்பிக்க முடியாது.

விற்பதானால் குறையைச் சொல்லி விற்க வேண்டும். உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி). விலை குறையட்டும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிர் பெரிது.

வைத்திருக்கவே முடியாது என்றால் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். பட்டினி போட்டுச் சாகடிக்காதீர்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதி நமக்குத் தெரியும்.

நம்மில் பலரிடம் குதிரை இல்லை. ஆனால் முட்டும் மாடு இருக்கிறது; பிரேக் பிடிக்காத பைக் இருக்கிறது. அவற்றை என்ன செய்கிறோம்?

நம் கையில் உள்ள அமானிதங்களைப் பேணி நடக்க அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.