வன் றீட் குடும்பமும் ஒரு மூலிகைப் பெருநூலும்

ஒல்லாந்தரைக் கோட்டை கட்டினோராகவும் தோம்பு எழுதினோராகவுமே நாம் அறிவோம். அன்னாருள் உயர்குடியினர் எத்தகையர் என்பதை ஊட்றெக்ற் மாகாணத்து வன் றீட் குடும்பத்தின் வரலாற்றிற் காண்பாம்.

இக்குடியினரின் அமெறொங்கன் மாளிகையைப் பிரெஞ்சுப் படையினர் 1673இல் எரித்தனர். குடித்தலைவர் கொடாட் அட்றியான் அக்காலத்துப் பிறநாட்டிலே தூதராயிருந்தார். அவர்தம் மனைவியார் மாகிறீற்றா ரேணரே முன்னின்று 1674 முதல் 1680 வரை அதனைப் புதிதாக எழுப்புவித்தார். வேலைச் செய்திகள் கடிதங்களாய்க் கணவர்க்குச் சென்றன. பட்டம் பெற்றவரோ மகன். அயலாந்துப் போரில் 1691இல் வெற்றிகொண்ட அவரை மூன்றாம் வில்லியம் அரசர் மறுவருடம் அத்லோன் பிரபுவாக்கினார். அவ்வாண்வழி 1844இல் அற்றது.

எனினும், நாம் பெரிதும் மதிப்பவர் மற்றொரு கிளையினரான ஹென்றிக் வன் றீட் ஆவர். கும்பனியின் மலையாளத் தேசாதிபதியாக 1670இல் அமர்ந்த அவர், அந்நாட்டு மூலிகைகளை ஆராய்வித்து, 'ஹோற்றுஸ் மலபாரிக்குஸ்' என்னும் இலத்தீன் நூலை ஆக்குவித்தார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும் கொங்கணப் பிராமணர் மூவரும் மூலிகைகளின் பெயரும் குணமும் உரைத்தனர். ஆளவந்தோர் பலர் இத்தகைய துணைவரை மறைத்துவிடுவர். இந்நூலின் முதற்பாகத்திலோ அச்சுதனின் சான்றுரை அவர் பெயருடனேயே அச்சிடப்பெற்றது. பன்னிரு பாகங்களும் 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரடாமில் வெளிவந்தன. இறுதிப் பாகம் அச்சேறியபோது, 1691இற் கடற்பயணத்தில் இறந்த ஹென்றிக், சூரத்துக் கல்லறையில் அடக்கமாயிருந்தார்.